பதினேழாம் குப்பியில் ஒரு சீரகம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நல்ல சேதி ஒன்று கையில் கிடைத்துவிட்டால் நாலு பேரிடம் சொன்னால்தான் சோறு இறங்கும். அந்தக் குணத்தால் ஒரு பெண்ணின் வேலையையும் பெயரையும் கெடுக்கப் பார்த்தேன். அந்தக் கதையையும் நானே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் சமூக சுகாதார ஆராய்ச்சி செய்கிறேன். ஆராய்ச்சி என்றதும் வெள்ளைக் கோட்டையும் கண்ணாடிக் குழாயையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தெருத் தெருவாகப் போய், பைப்பில் என்ன வருகிறது, சாக்கடை எங்கே போகிறது, பிள்ளைகளுக்கு எத்தனை தடவை வயிற்றால் போனது என்று கேட்டு எழுதுகிற வேலை. எழுதிக் கொண்டுவந்த தாள்கள் கம்ப்யூட்டரில் ஏறி, யாராவது அதைப் பார்த்து முடிவு சொல்வதற்குள், அந்தப் பிள்ளைகளுக்கு நோய் வந்து, போய், மறுபடியும் வந்திருக்கும். அதை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

அப்படிப் புழுங்கிக்கொண்டிருந்தபோதுதான் கல்லூரிக்கு அதிவேக ஃபைபர் இணைப்பு வந்தது. குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைத் தெருவில் இருக்கும் அங்கன்வாடி வரைக்கும் அதை எங்கள் ஆராய்ச்சிக்காக இழுத்தார்கள். அந்த வேலையைப் பார்த்த நெட்வொர்க் எஞ்சினியர் என்னோடு படித்தவன், அஞ்சுகிராமத்துக்காரன். "மக்கா, அங்கன ஒரு ஈ உக்காந்தா அதுக்க றெக்கையில உள்ள கோட்ட நீ இங்கன இருந்து எண்ணலாம்" என்றான். சும்மா அளக்கிறான் என்று நினைத்தேன். முதல் நாள் கேமராவைப் போட்டதும், அங்கன்வாடிச் சுவரில் தொங்கிய காலண்டரில் பொடி எழுத்தில் இருந்த ராகுகாலத்தை நாகர்கோவிலில் உட்கார்ந்து வாசித்தேன். நாற்காலியை விட்டு எழுந்து குதித்தே விட்டேன். நாற்பது தாண்டிய பெண் குதிக்கிற குதியா இது என்று துறையில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்தத் தெருவில் அப்போது பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. பழி முழுக்க அங்கன்வாடியில் சமைக்கிற ஆயாவின் மேல் விழுந்தது. அவருக்கு என் வயதுதான் இருக்கும். பதினைந்து வருடமாக அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு அவர் கையால்தான். இரண்டு பிள்ளைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒரு தாய், நடுத்தெருவில் வைத்து, "ஒனக்க கையி சுத்தமில்ல" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். மற்ற தாய்மார்களும் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். தண்ணீர்ப் பரிசோதனை முடிவு வரும்வரை அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம் என்று அங்கன்வாடிகளைக் கவனிக்கிற அதிகாரியும் சொல்லிவிட்டார்.

ஆயா என்னிடம் வந்து நின்றார். "மேடம், நீங்க தாற ரிசல்ட்டுலதான் எனக்க வேல இருக்கு. வேல போனாலும் போட்டும். பிள்ளியளுக்கு வெசம் வெச்சவன்னு பேரு வாங்கிட்டு இந்தத் தெருவுல எப்பிடி நடப்பேன்?"

கவலைப்படாதீங்கோ, ஒளிவு மறைவு இல்லாம எல்லாரும் பாக்கத்தான் நடக்கும் என்று பெரிய மனுஷி போலத் தைரியம் சொன்னேன்.

எங்கள் பரிசோதனை எளிமையானது. உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு குப்பி, அதற்குள் மருந்து தோய்த்த காகிதம். தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், கழிவு கலந்த தண்ணீராக இருந்தால் ஓர் இரவுக்குள்ளோ இரண்டு நாளுக்குள்ளோ மை போலக் கறுத்துவிடும். சுத்தமான தண்ணீர் கறுக்காது. அங்கன்வாடி அறையில் குப்பிகளை வரிசையாக அடுக்கி, எதிரே கேமராவை வைத்து, அந்தப் படத்தை அதே நொடியில் எங்கள் கல்லூரியிலும், அதிகாரியின் அலுவலகத்திலும், அங்கன்வாடி டிவியிலும் காட்டுவது எங்கள் திட்டம். இனி யாரும் முடிவை மாற்றி எழுத முடியாது, மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். அந்த நினைப்பே எனக்குத் தலைக்கேறியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை, குப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு மணவாளக்குறிச்சி வழியாகப் பஸ்ஸில் போனேன். தெருவில் இருபத்து மூன்று வீடு, கடைசியில் அங்கன்வாடி. ஒவ்வொரு வாசலிலும் நின்று, "நீங்க குடிக்குற வெள்ளம் கொஞ்சம் இதுல ஊத்தித் தாங்கோ, நாளைக்கு டிவியில காட்டப்போறோம்" என்றேன். எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேச்சு. வீட்டுக்கு வீடு எனக்கும் ஒரு செம்பு கிடைத்தது. நாலாவது வீட்டிலேயே வயிறு முட்டிவிட்டது. போதும் என்றால் விடுவார்களா? "வெயில்லலா வந்திருக்கியோ, குடியுங்கோ." நான் குடித்து முடிப்பதற்குள் குப்பியை உள்ளே கொண்டுபோய் நிறைத்து, வெளியே துடைத்து, பொட்டு வைக்காத குறையாகத் திருப்பித் தந்தார்கள்.

அங்கன்வாடியில் ஆயா என் கண் முன்னாலேயே பைப்பைத் திறந்து குப்பியைப் பிடித்தார். "பிள்ளியளுக்கு கொதிக்க வெச்சுத்தான் குடுப்பேன். ஆனா வாறது இதுதான். டெஸ்டுன்னா உள்ளதத்தான காட்டணும்" என்றார். அதைக் காதில் வாங்கினேன், நோட்டில் எழுதவில்லை. கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

மறுநாள் பகலில் மூன்று இடமும் இணைந்தன. அங்கன்வாடி டிவிக்கு முன்னால் தாய்மார்கள் நெருக்கியடித்து நின்றார்கள். படம் கண்ணாடி மாதிரித் தெளிவு. ஒன்று முதல் இருபத்து மூன்று வரை ஒரு குப்பிகூடக் கறுக்கவில்லை. இருபத்து நாலாவது மட்டும் கன்னங்கரேல் என்று நின்றது. நான் கல்லூரியில் மைக்கைப் பிடித்தேன். "வீட்டுக் குப்பி எல்லாம் சுத்தம். கறுத்தது அங்கன்வாடிக் குப்பி ஒன்றுதான்" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிச் சொன்னேன். எந்திரம் வேலை செய்துவிட்டது என்ற சந்தோஷம்தான் அந்த நிமிஷம் எனக்கு. இதை எழுத இப்போதும் கூசுகிறது.

"நான் அப்பமே சொன்னேன்லா" என்றாள் நடுத்தெருவில் ஆயாவைத் திட்டிய தாய். அதிகாரி தன் அலுவலகத்திலிருந்து, "வெள்ளிக்கிழமைக்குள்ள எழுத்துல ரிப்போர்ட் குடுங்க. ஆயாவுக்குப் பதில் வேற ஆளப் போட்டுரலாம்" என்றார். குப்பிகளுக்குப் பக்கத்தில் நின்ற ஆயா உதட்டைக் கடித்துக்கொண்டு கேமராவை விட்டு விலகிப் போனார். அதுவும் துல்லியமாகத் தெரிந்தது.

புதன்கிழமை காலையில் துறைத்தலைவர் வந்தபோது, பெருமையடித்துக்கொள்ளப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். பதினேழாம் குப்பியின் அடியில் ஏதோ கிடந்தது. புழு என்று நினைத்தேன். இன்னும் பெரிதாக்கினேன். நீளவாக்கில் கோடு, நுனியில் சின்ன வால். புழு இல்லை, சீரகம்.

எங்கள் மாவட்டத்தில் மேற்கே போகப் போக, வீட்டுக்கு வந்த ஆளுக்குப் பச்சைத் தண்ணீர் கொடுப்பது மரியாதைக் குறைவு. சீரகம் போட்டுக் கொதிக்க வைத்து ஆற்றிய வெள்ளத்தைத்தான் கொடுப்பார்கள். திங்கட்கிழமை செம்பு செம்பாக நான் குடித்ததும் அதுதான். அதே பானையிலிருந்துதான் குப்பியையும் நிறைத்திருக்கிறார்கள். கொதிக்க வைத்த தண்ணீர் எங்கே கறுக்கும்? இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றவில்லை. வேறு மாவட்டத்துக்காரி இந்தத் தப்பைச் செய்திருந்தால் நானே அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

அடுத்த பஸ்ஸில் ஏறினேன். பதினேழாம் வீடு, ஆயாவைத் திட்டிய அதே தாயின் வீடு. குப்பியில் எந்த வெள்ளத்தை ஊற்றினாய் என்று கேட்டேன்.

"ஒங்களுக்குக் குடிக்கத் தந்த வெள்ளந்தான். டிவியில காட்டப்போறோம்னு சொன்னியோ. பைப்பு வெள்ளத்தையா தருவாவ?" என்றாள் அவள், நான் ஏதோ முட்டாள்தனமாகக் கேட்டுவிட்ட மாதிரி.

"பிள்ளைய எதக் குடிக்கும்?"

"வீட்டுல இதத்தான் குடிக்கும். வெளையாடிட்டு வரும்போ பைப்புல வாய வெச்சிரும். யாரு பின்னால ஓட முடியும்?" சொல்லி முடித்ததும் அவளே பைப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் புதுக் குப்பிகளை எடுத்து, இந்தத் தடவை யார் கையிலும் கொடுக்காமல், ஒவ்வொரு பைப்பையும் நானே திறந்து நிறைத்தேன். குடிக்க வந்த செம்புகளையெல்லாம் வேண்டாம் என்று தள்ளியதில் இரண்டு வீட்டுக்காரிகளுக்கு என்மேல் கோபம்.

வியாழன் காலை நானும் எஞ்சினியரும் கல்லூரியில் திரையை விட்டு அசையவில்லை. முதல் எட்டுக் குப்பிகள் அப்படியே இருந்தன. ஒன்பதாவது அடியிலிருந்து லேசாகக் கறுக்க ஆரம்பித்தது. "ஏலே, பாரு பாரு" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். சற்று நேரத்தில் பத்து. அப்புறம் பதினொன்று. வரிசை தப்பாமல், யாரோ தெருவில் நடந்து போவது மாதிரி ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டே போனது. அங்கன்வாடிக் குப்பி கறுத்தது எல்லாவற்றுக்கும் கடைசியில். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. எட்டாம் வீட்டுக்கும் ஒன்பதாம் வீட்டுக்கும் நடுவில் எங்கேயோ பைப்பில் சாக்கடை கலக்கிறது. ஆயா தப்பித்தார். நான் துள்ளிக்கொண்டிருக்க, என் நண்பன் எட்டாம், ஒன்பதாம் குப்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னலே, ஒனக்கு என்ன வந்துச்சு?"

"மக்கா, அந்த எடத்துலதான் நம்ம கேபிளுக்குத் தோண்டினோம். மெஷினு பைப்புல இடிச்சிட்டு. வேலைக்காரனுவ ரப்பர் டியூபச் சுத்தி மண்ணத் தள்ளிட்டானுவ. நானும் அங்கனதான் நின்னேன். கசிவு நின்னுரும்னு நெனச்சிட்டேன்."

என் துள்ளல் எல்லாம் வடிந்துவிட்டது. மத்தியானம் அங்கே போய்த் தோண்டினோம். அவன் ஆளை வைக்காமல் தானே மண்வெட்டியைப் பிடித்தான். ரப்பர் டியூப் பிய்ந்து கிடந்தது, பக்கத்துச் சாக்கடையிலிருந்து கறுப்புத் தண்ணீர் குழிக்குள் கசிந்துகொண்டிருந்தது. பைப்பில் தண்ணீர் வராத நேரமெல்லாம் அதைத்தான் அந்த உடைப்பு உள்ளே இழுத்திருக்கிறது. பிள்ளைகளைக் காப்பாற்றக் கொண்டுவந்த கேபிளால்தான் பிள்ளைகள் படுத்திருக்கின்றன. அவன் குழிக்குள் நின்றபடி முகத்தைத் துடைத்துக்கொண்டான். எனக்கு அவனைத் திட்டவும் வாய் வரவில்லை. பைப்பை அன்றைக்கே மாற்றினார்கள்.

நான் ஆயாவிடம் போய், "ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு எங்க குழியில. நாளைக்கு ரிப்போர்ட்டுல தெளிவா எழுதி அதிகாரிக்கு அனுப்பிருவேன்" என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "செவ்வாக்கெழம மைக்க வெச்சுலா சொன்னியோ. எல்லாரும் கேட்டாவ. இத மட்டும் பேப்பருல எழுதி அதிகாரிக்குக் குடுத்தா இந்தத் தெருவுல யாரு படிப்பா?"

அதை எல்லோர் முன்னாலும் சொன்னால் எங்கள் ஆராய்ச்சியே நின்றுபோகலாம், நண்பனின் வேலைக்கும் ஆபத்து. ஆனால் அவர் கேட்டதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியவில்லை. நண்பனைப் பார்த்தேன். "சொல்லு மக்கா" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை அதே மூன்று இடத்தையும் இணைத்தோம். இந்தத் தடவை நான் கல்லூரியில் உட்காரவில்லை, அங்கன்வாடியில் தாய்மார்களுக்கு முன்னால் நின்றேன். நண்பன் பக்கத்தில் நின்றான். மைக்கை வாங்கினேன். நான் குப்பியை வாங்கிய விதம் தப்பு, செவ்வாய்க்கிழமை நான் சொன்னதும் தப்பு, ஆயா ஒருவர்தான் உள்ளதை உள்ளபடி பிடித்துத் தந்தார், பைப்பை உடைத்தது எங்கள் குழி என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். "உடஞ்சதப் பாத்துட்டுப் பேசாம இருந்தவன் நான்தான்" என்றான் நண்பன். கூட்டத்தில் ஒருத்தி அவனை வாய்க்கு வந்தபடி ஏசினாள். வாங்கிக்கொண்டான்.

அதிகாரி திரையில் தொண்டையைச் செருமிக்கொண்டு, விசாரணை நடக்கும், எங்கள் இருவரைப் பற்றியும் மேலிடத்துக்கு எழுதுவேன் என்றார். அது நியாயம்தான்.

ஆயா திரைக்கு முன்னால் வந்து, "சாரே, இன்னைக்கு நான் ஒல வெக்கலாமா?" என்று கேட்டார்.

"வைங்கம்மா. நீங்களே வைங்க."

அவர் உடனே அடுப்படிக்குப் போகவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு தாய்மார்கள் பக்கம் திரும்பினார். "எத்தன பிள்ளியளுக்கு அரிசி போடணும்?" என்றார்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி சம்மதித்தால் மட்டும் போதாது, இவர்கள் சொல்ல வேண்டும். நானோ என் கேபிளோ அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

கூட்டத்தில் பின்னால் நின்றவள், பதினேழாம் வீட்டுக்காரி, தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"எனக்க வீட்டுல ரெண்டு. மூத்தது ரெண்டாவதும் சோறு கேக்கும், கொஞ்சம் கூடுதலாப் போடு."