வாசலில் இரண்டு ஜோடி

எந்த வீட்டுக்குப் போனாலும் எல்சம்மா முதலில் வாசலில் உட்கார்ந்துவிடுவார். அங்கே கழற்றிக் கிடக்கும் செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே விரலை விட்டு, நுனி முதல் குதிகால்வரை தடவிப் பார்ப்பார். கல் இருக்கும், முள் இருக்கும், மேலே எழும்பிய ஆணி இருக்கும். அகப்பட்டதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பார். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அந்தக் கை அடங்காது. கடப்பாக்கத்தில் ஒரு கருமாதிக்கு வந்த பெரிய அதிகாரி, தன் பூட்ஸுக்குள் வெள்ளைக்காரி ஒருவர் துழாவுவதைப் பார்த்துத் திகைத்துப் போனார். எல்சம்மா நிமிர்ந்து பார்த்து, "இன்னா பாக்குற? உன் காலுல முள்ளு குத்தாதா?" என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தாராம்.

முழுப்பெயர் எல்ஸ்பெத் மக்ரே. ஸ்காட்லாந்தின் வடகரையில் ஒரு மீன்பிடி ஊர். அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போனவர்கள். பிரஸ்பிட்டேரியன் சபை அனுப்பிய நர்ஸாக இளம் வயதில் செங்கல்பட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரியைத் தேடிவந்த தொழுநோயாளிகளைவிட, வெளியே தெரிந்துவிடுமோ என்று வீட்டுக்குள் ஒளிந்துகொண்டவர்களே அதிகம் என்று சீக்கிரமே கண்டுகொண்டார். மருந்துப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் புறப்பட்டார். அந்தப் பக்கத்து ஊர்களுக்கு அப்படி மருந்தோடு வந்த முதல் ஆள் அவர்தான். சைக்கிள் போய் இப்போது பச்சை மொபெட். பெட்டி அதே பெட்டி.

தமிழ் கற்றுக்கொடுக்கச் சபை ஒரு வாத்தியாரை ஏற்பாடு செய்திருந்தது. "தங்கள் பாதங்களைக் காண்பியுங்கள்" என்று எல்சம்மா வார்டில் போய்ச் சொன்னதும், படுத்திருந்த பெண்களெல்லாம் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்கள். அந்தத் தமிழை அன்றைக்கே மூட்டை கட்டிவிட்டு, வார்டு பெருக்க வந்த காசியம்மாளிடம் புதிதாகத் தொடங்கினார். "இன்னாமே, நடந்துகினே கீறியா? பேஜாரு பண்ணாத, குந்து." கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மீன் ஏலம் எடுக்க வந்தவர் என்றுதான் நினைக்கத் தோன்றும். சர்ச்சில் பைபிள் சங்கீதம் பாடும்போது மட்டும் ஸ்காட்லாந்து வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியைத் தொடமாட்டார். சோறும் குழம்பும் சனிக்கிழமையே ஆக்கி மூடிவிடுவார். மழை கொட்டினாலும் சர்ச்சுக்கு நடைதான். பொய்யும் அவருக்கு அப்படித்தான், தொடமாட்டார். அடுத்தவர் சொன்னாலும் விடமாட்டார். "இன்னிக்குப் புட்ச்சதும்மா" என்று ஒருத்தி வஞ்சிரத்தை நீட்டினால், செவுளைத் தூக்கிப் பார்த்து, "மீனு நேத்துன்னு சொல்லுது. நான் மீன நம்புறன்" என்பார்.

வந்த புதிதில் ஒரு தெருவில் ஒரே ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். அடுத்த முறை போனபோது அந்த வீட்டுக் குடத்தைக் குழாயடியில் வைக்க விடாமல் ஊர் தடுத்திருந்தது. அவருடைய வண்டி நின்ற இடம் வியாதி இருக்கும் இடமென்று ஆகியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு தெருவுக்குள் நுழைந்தால் ஒரு வீட்டையும் விடுவதில்லை. எல்லா வாசலிலும் வண்டி நிற்கும், எல்லாக் காலும் வெளியே வரவேண்டும். பஞ்சாயத்துத் தலைவராக இருந்த பக்தவத்சலம் முறைத்துப் பார்த்தார்.

"எனுக்கு இன்னாத்துக்கும்மா? நான் இன்னா வியாதிக்காரனா?"

"காலு கீதுல்ல? காட்டு."

இன்று அவர் நாற்காலி போட்டுக் காலை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறார். எல்சம்மா வரத் தாமதமானால் அவருக்குக் கோபம் வருகிறது.

செருப்புதான் பெரிய தலைவலி. தொழுநோயால் உணர்ச்சி போன கால்களுக்காக ஆஸ்பத்திரிப் பட்டறையில் ஆபிரகாம் என்பவர் தைத்துத் தரும் கறுப்புச் செருப்பு அது. மெத்தென்ற ரப்பர் அடி இருக்கும். கட்டைவிரல் பிடி இருக்காது, குதிகாலைச் சுற்றி வாரும் பக்கிளும் இருக்கும். பார்த்தவர்களுக்குத் தெரிந்துவிடும் என்பதால் அதை வாங்கிப்போய்ப் பரணில் போட்டுவிடுவார்கள். ஆகவே எல்சம்மா தன் தோல் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு அதையே போட்டுக்கொண்டார். இன்றுவரை வேறு செருப்பு போட்டதில்லை.

இரண்டாயிரத்து மூன்றில், கடப்பாக்கத்தில் மீன்கூடை சுமக்கும் வேண்டா என்ற பெண்ணின் வீட்டில் அந்தச் செருப்பால் ஒரு சங்கடம் வந்தது. வேண்டாவுக்கு மருந்து முடிந்து வருஷக் கணக்காகிவிட்டது. நோய் இல்லை, யாருக்கும் ஒட்டவும் ஒட்டாது. ஆனால் பாதத்தில் போன உணர்ச்சி திரும்பவில்லை. சிப்பி கிழித்தால் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். இன்னொரு புண் வந்தால் பாதத்தை எடுக்கவேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் குழாயடிக்குக்கூடச் செருப்போடு போகவேண்டும் என்பது எல்சம்மாவின் கட்டளை. தெரு முழுக்க விஷயம் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தது.

மகள் பூங்கொடிக்குப் புதுப்பட்டினத்தில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை தமிழ்வாணன். இருவரும் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரே கம்பெனியில் வேலை, ஒரே கம்பெனி பஸ்.

"யாராச்சும் என் காலப் பத்தி கேட்டா ஆணி குத்திச்சுன்னு சொல்லும்மா" என்று வேண்டா எல்சம்மாவிடம் கெஞ்சினார்.

"சொல்ல மாட்டன். அந்தப் பையனுக்கு நீங்களே சொல்லிடணும். சொல்லாங்காட்டி நிச்சயத்துக்கு நான் வரல."

"உன் சாமிக்கு இன்னாம்மா? கெட்டுப்போறது எம்பொண்ணு பொயப்புதான?" என்று வேண்டா கத்தினார். எல்சம்மா அசையவில்லை. நீ வராமல் எனக்கு நிச்சயமே வேண்டாம் என்று பூங்கொடியும் சொல்லிவிட்டு, மறுநாள் பஸ் நிறுத்தத்தில் தமிழ்வாணனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கேட்டது ஒன்றுதான்.

"உங்கம்மாக்கு இப்ப வலிக்குதா?"

"வலிக்காது. அதான் நோவே."

"எனுக்குத் தெரிஞ்சிது, போதும். எங்கம்மாக்கு இப்ப வாணாம். தாலி கட்னப்பறம் நானே சொல்லிக்கிறன்" என்றான்.

நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டு வேன், சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. பின்பக்கம் அடுப்படியில் நின்ற வேண்டா சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். எதிரே பூவும் பழமும் வைத்த தாம்பூலத் தட்டுகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. தட்டுக்கு முன்னால் செருப்புக் காலோடு எப்படி நிற்பது? கை தானாக வாரை அவிழ்த்துவிட்டது. வாசலில் எல்சம்மாவின் செருப்புக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டு உள்ளே போனார்.

கடைசியாக வந்த மாப்பிள்ளையின் தாய் தெய்வநாயகி, புதுச் செருப்பை விட இடம் தேடிக் குனிந்தவர் நிமிரவில்லை.

"இது ஆஸ்பத்திரி செருப்பாச்சே? செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல கையேந்திகினு குந்தியிருப்பாங்களே, அதுங்க போட்டுகினு இருக்கிறது. ஒண்ணில்ல, ரெண்டு ஜோடி கீது. யார்து?"

வேண்டாவின் புருஷன் எல்லப்பன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"அம்மா, நீ உள்ள வா" என்றான் தமிழ்வாணன்.

"இர்றா. பொண்ணு எடுக்குற வூட்ல கேக்க வாணாமா? யார்துன்னு கேக்குறன்ல?"

எல்லார் கண்களும் எல்சம்மாவிடம் போயின. அவர் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அந்தத் தெருவுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். பாயில் உட்கார்ந்தபடி வேண்டாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, பெயர்ந்த சிமெண்டுத் தரையில் பதிந்திருந்த அந்த வெறுங்காலைப் பார்த்தார். எழுந்தார்.

வாசலில் குந்தித் தன் செருப்பை மாட்டிப் பக்கிளைப் போட்டார். மற்ற ஜோடியை எடுத்து ஒன்றோடொன்று தட்டி மணலை உதிர்த்தார். தெய்வநாயகியைத் தாண்டிப் போய், அதை மொபெட்டின் கைப்பிடியில் மாட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது.

"அட, ரெண்டும் வெள்ளக்காரம்மாவுதா! சோறுகூட துன்னாம போவுது பாரு" என்று சொல்லிக்கொண்டே தெய்வநாயகி உள்ளே வந்தார். மகன் சொல்லி அவர் எல்லாம் அறிந்தது பிறகு. ஒரு மாசம் சம்பந்தி வீட்டோடு பேசாமல் இருந்து, தனக்கே சர்க்கரை வந்து காலில் புண்ணான பின் அதே கறுப்புச் செருப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டது அதற்கும் பிறகு. அன்று அவர் தாம்பூலத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

தட்டு மாற்றி முடிந்ததும் வேண்டா பின்வாசலுக்கு வந்தார். சவுக்குத் தோப்பு ஓரம் பச்சை மொபெட் நின்றது. படியின் கீழே, மணலில், எல்சம்மா முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார்.

வேண்டாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "பொய் சொல்ட்டியேம்மா."

"நான் இன்னா சொன்னன்? வாயே தெறக்கல." சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "ஞாயித்துக்கெயம என் சாமிகிட்ட நான் பேசிக்கிறன். நீ குந்து. காலக் காட்டு."

வேண்டா படியில் உட்கார்ந்து காலை நீட்டினார். எல்சம்மா அடிப்பாதத்தைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்து, புண்ணில்லை என்று பார்த்துக்கொண்டார். செருப்பைக் கையில் எடுத்தார். சற்றுமுன் தானே தட்டி உதிர்த்த செருப்புதான். ஆனாலும் உள்ளே விரலை விட்டு, நுனி முதல் குதிகால்வரை மெதுவாகத் தடவிப் பார்த்தார்.