குளிப்பாட்டியவர் பார்த்தது

போன செவ்வாய்க்கிழமை பாம்பூஃப்ளாட்டில் ஒரு மௌத்து. இறந்தவரை அப்துல்லா என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைச் சொன்னால் போர்ட்பிளேர் முழுக்கத் தெரியும்.

சாத்தம் போகிற ஃபெர்ரியில் கயிறு பிடிக்கிற வேலை அவருக்கு. அலை ஆடும்போது அவர் கையைப் பிடிக்காமல் அந்தப் படகில் ஏறியவர்கள் நம்மில் யார்? வங்காளி, தெலுங்கு, மலையாளி — எல்லாருக்கும் அதே கைதான். காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், அப்படியே போய்விட்டார்.

மதியம் லுஹர் தொழுகைக்குள் அடக்கம் என்று பேச்சு. கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன். வீட்டுக்குப் பின்னால் திரை கட்டி மய்யித்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார் காசிம் பாய். ஜமாஅத்தில் பெரிய புள்ளி.

“அரே பாய், இந்த ஆளுக்கு சுன்னத்தே ஆகலையே!”

குளிப்பாட்டுகிறவர் தன் கண்ணில் பட்டதை வெளியே சொல்லக் கூடாது. இது எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காசிம் பாய்க்கு மட்டும் அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று.

அப்புறம் என்ன... ஆரம்பித்தது கச்சேரி. அப்துல்லா பிறப்பில் முஸ்லிம் இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் காட்டு வேலைக்குக் கப்பலேறி வந்தவர். இங்கே கலிமா சொல்லி, எங்கள் ஊர்க்காரப் பெண் மரியத்தை நிக்காஹ் செய்துகொண்டவர். “நம்ம கபர்ஸ்தான்ல எப்படி பாய் வைக்கிறது?” என்றார் ஒருவர். “ஒரு கம்பவுண்டரைக் கூப்பிட்டு இப்பவே முடிச்சிரலாமே, ஜல்தி கரோ” என்றார் இன்னொருவர். மய்யித்துக்கு! என் காதால் கேட்டேன்.

சுன்னத்தைப் பற்றி வாதம் பண்ணுவதில் நானும் சளைத்தவன் இல்லை. ஒஸ்தாவின் கத்தியா, ஆஸ்பத்திரிக் கத்திரியா? தொட்டிலிலேயே முடித்துவிடுவதா, ஏழு வயதில் ஊரைக் கூட்டிச் செய்வதா? உடம்புக்கு நல்லது என்கிறார் ஒரு டாக்டர், அவசியமே இல்லை என்கிறார் இன்னொரு டாக்டர். டீ குடித்தபடி எத்தனை சாயங்காலம் பேசியிருக்கிறேன்! யாருடைய உடம்போ... பேசுகிற நமக்கா வலிக்கப் போகிறது?

பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஸ்ரத் சின்ன வயதுக்காரர். மெயின்லேண்டிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. “கலிமா சொன்னவர், அது போதும். மய்யித்து மேல கத்தி வைக்கக் கூடாது” என்றார். யார் காதிலும் ஏறவில்லை. வெயில்தான் ஏறியது. மய்யித்தைச் சுற்ற வேண்டிய கஃபன் துணி மடித்தது மடித்தபடியே கிடந்தது.

கடைசியில், வாசல் திரைக்குப் பின்னாலிருந்து மரியம் பேசினாள். குரலில் அழுகை இல்லை.

“இருவது வருஷமா ஒங்க தோளோட தோள் ஒட்டித்தானே தொழுதாங்க? அப்ப யாரும் கைலியத் தூக்கிப் பாக்கலியே! செத்தப்புறம்தான் பாக்கணுமா?”

காசிம் பாய் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். ஹஸ்ரத் உள்ளே போய்த் தானே தண்ணீர் மொண்டு ஊற்றினார். சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் அடக்கம் முடிந்தது. எங்கள் கபர்ஸ்தானில்தான்.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? அவ்வளவு நேரமும் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேற்று மரியத்தை விசாரிக்கப் போனேன். புருஷன் மௌத்துக்கு அப்புறம் வெளியாள் முகம் பார்க்காமல் இத்தாவில் இருக்கிறவள், திரைக்கு அந்தப் பக்கமிருந்தே பேசினாள்.

“ஏன் காக்கா அவங்க செஞ்சுக்காமலே இருந்துட்டாங்க? எப்பக் கேட்டாலும் மொகத்தைத் திருப்பிக்குவாங்க. அவங்களை மொத மொத பள்ளிவாசலுக்குக் கூட்டிட்டுப் போனது நீங்கதானே... ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதும்மா” என்றேன்.

தெரியும்.

கலிமா சொன்ன வருஷமே அவர் சுன்னத்துக்கு வந்தார். அப்போதெல்லாம் ஒஸ்தா வருஷத்துக்கு ஒருமுறைதான் கப்பலில் வருவார். ஃபெரார்கஞ்ச் பக்கத்துக் காட்டுக் கேம்பிலிருந்து லீவு போட்டு வந்து, புதுக் கைலி கட்டி, ஏழு வயதுப் பொடியன்களின் வரிசையில் கடைசி ஆளாக உட்கார்ந்தார் அப்துல்லா. முப்பது வயது ஆள். முகம் வெளிறிப் போயிருந்தது. எனக்குத்தான் நாக்கு சும்மா இருக்காதே?

“என்ன மாப்ளே... அழாம இருந்தா மிட்டாய் வாங்கித் தரட்டுமா?”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் எழுந்தார். கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருஷமும் வரவில்லை, அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. நானும் ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. ஃபெர்ரியில் கை கொடுக்கும்போது மட்டும் “பார்த்து, காக்கா” என்பார்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கூட்டத்தில் இதைச் சொல்லியிருந்தால் வாதம் அங்கேயே நின்றிருக்கும். நேற்றாவது திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவளிடம் சொல்லியிருக்கலாம். வெட்கம்கெட்டவன், இப்படி எழுதி உங்கள் அத்தனை பேரிடமும் சொல்கிறேன்.

மரியத்துக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியம்தான்.