சிவப்புக் கோடு விடுபட்ட வீடு

போடிமெட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஜீப் பிடித்து, மீதித் தூரத்தைத் தேயிலைக்கு நடுவே ஏறி நடந்தபோது முழங்கால் உயிரை வாங்கியது. வீடுகள் காலப்போக்கில் எப்படி மாறுகின்றன என்று அளந்து எழுதுவதுதான் என் பிழைப்பு. பல வருஷமாக அதே ஊர்கள், அதே டேப்பு, அதே பை. அலுத்துவிட்டது என்று சொல்வதற்கு இருந்த கூச்சமும் இப்போது இல்லை.

இந்த எஸ்டேட்டில் நான் அளப்பது ஒரே ஒரு லயம். ஒரே கூரையின்கீழ், சுவரோடு சுவராக எட்டு வீடுகள். வெள்ளைக்காரன் கட்டியபோது வீட்டுக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் ஒரு வராந்தா. அதற்குள் ஒரு குடும்பம் எத்தனை காலம்தான் ஒடுங்கிக் கிடக்கும்? வராந்தாவை அடைத்தார்கள். பின்னால் தகரம் போட்டு ஓர் அறை இறக்கினார்கள். வரைபடத்தில் பழைய சுவருக்குக் கறுப்பு, பிறகு சேர்த்ததற்குச் சிவப்பு போடுவது எங்கள் வழக்கம். போன தடவை நான் வரைந்ததில் சிவப்புதான் அதிகம். எனக்கு அதில் ஏகப் பெருமை. மூன்றாவது வீடு மட்டும் அன்று பூட்டிக் கிடந்தது. இன்னொரு நாள் ஏறிவரச் சோம்பல்பட்டு அதன் பின்பக்கத்தை வெற்றிடமாக விட்டுவிட்டேன். உள்ளே விட்டதற்கு மரியாதையாக எஸ்டேட் ஆபீஸில் ஒரு பிரதியும் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் லயத்தின் பின்பக்கம் மொட்டையாக இருந்தது. மூன்றாவது வீட்டின் தகரம் மட்டும் அப்படியே நின்றது.

நாலாவது வீட்டு அக்கா கொழுந்து எடுப்பவர். மகளின் பேறுகாலத்துக்கென்று பின்னால் அறை போட்டிருந்தார். டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"அனுமதி இல்லாமக் கட்டுனதுன்னு இடிச்சிட்டாங்க சார். பிள்ள பொறந்து பதினெட்டே நாளு. பச்ச ஒடம்புக்காரிய மாமியார் வீட்டுக்கு அனுப்பி வச்சேன்."

அடுத்ததைச் சுவருக்கு அந்தப் பக்கம், மூன்றாவது வீட்டுக்காரிக்குக் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னார்.

"யாரு வீட்ல எத்தன அடி கூட இருக்குன்னு ஆபீஸ்ல சரியா வச்சிருந்தாங்க. இவதான் சொல்லிக் குடுத்திருக்கா. இவ வீட்ட மட்டும் தொடலியே! இப்ப லயத்துல ஒருத்தரும் இவகூடப் பேசுறதில்ல."

எனக்கு முதலில் தோன்றியது கடைசி ஜீப் எத்தனை மணிக்கு என்பதுதான். வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை. பேசாமல் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

பையிலிருந்து பழைய வரைபடத்தை எடுத்துத் தரையில் விரித்தேன். சிவப்புக் கோடுகளைக் காட்டினேன். பூட்டிக் கிடந்த வீட்டின் வெற்றிடத்தையும் காட்டினேன். ஆபீஸில் இதைக் கொடுத்தது நான்தான் என்றேன். அக்கா குனிந்து தன் வீட்டுச் சிவப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். இரண்டு திட்டு திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இத எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அவகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றார்.

போனேன். கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் திரும்பித் தன் தகர அறையை ஒரு முறை பார்த்தார். அங்கே ஆணியில் இரண்டு பள்ளிக்கூடப் பைகள் தொங்கின.

"நீங்க சொன்னத அந்த அக்கா நம்பும். மத்த ஆறு வீடும் நம்பணுமே சார்" என்றார். "எங்க வீட்டையும் அளந்திருங்க. செவப்புலயே போட்டு ஆபீஸ்ல குடுத்திருங்க. இடிச்சா இடிக்கட்டும், எல்லாரும் எங்கூடப் பேசுனாப் போதும்."

டேப்பின் மறுமுனையைப் பிடிக்க அவரே கையை நீட்டினார்.