மஹ்பூபாவின் காதில் விழுந்தது

அமெரிக்காவில், பேர்லேண்டில் அடுத்தவர் வீட்டு அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள் மஹ்பூபா. விற்கப்போகும் வீட்டைச் சுத்தம் செய்வது ஏஜென்ட் வேலையில் சேர்த்தி இல்லை. ஆனால் வீட்டுக்காரர் ஸ்டீவ் மனைவியை இழந்தவர். அவர் துடைத்தால் அழுக்கு இடம்தான் மாறும். மேலப்பாளையத்துப் பெண்ணுக்கு அது பொறுக்காது. பிள்ளைகள் காலேஜுக்குப் போன பிறகு, "இந்த வயசுல பரீட்சையா?" என்று கணவர் சேக் தாவூத் சிரித்ததற்காகவே வைராக்கியமாகப் படித்து ஏஜென்ட் லைசென்ஸ் வாங்கியவள் அவள்.

வீடு பார்க்க முதலில் வந்தது ஓர் இளம் ஜோடி. ரஞ்சித்குமார் என்று பெயர் சொன்னான். கூடவே வாயும் வயிறுமாக மனைவி தீக்ஷா. "நான் விற்பவருடைய ஏஜென்ட்" என்று மஹ்பூபா வழக்கம்போல ஆங்கிலத்தில் சொன்னாள். "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிவிட்டு அவன் அலமாரிகளைத் திறந்து பார்க்கப் போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் சமையலறைக்குள்ளேயே தமிழ் கேட்டது. ஈரோட்டுப் பக்கத்துத் தமிழ். மஹ்பூபாவுக்கு மனசு குளிர்ந்தது. நீங்க தமிழா என்று கேட்க வாயெடுத்தாள்.

"ஏனுங்க, மெதுவா பேசுங்க" என்றாள் தீக்ஷா.

"அட, அந்தம்மா பாகிஸ்தான். முக்காட்டைப் பாத்தா தெரியல? ஒரு மண்ணும் புரியாது."

சுருக்கென்றது. சிரிப்பும் வந்தது. இன்னும் என்னதான் பேசுகிறான் பார்ப்போமே என்று மஹ்பூபா அடுப்புப் பக்கமே திரும்பிக்கொண்டாள். அந்த இடைவெளியில்தான் அவன் சொன்னான்.

"அபார்ட்மென்ட் லீஸ் முடியப்போகுது. உங்கம்மா வேற வர்றாங்க. ஓனர் ஒரு டாலர் கொறைக்கலைன்னாலும் இதையே வாங்கிப்போடலாம். வேற வழியில்ல. நீ மட்டும் மூஞ்சிய உர்ருன்னு வெச்சுக்க."

மஹ்பூபாவின் கை அப்படியே நின்றுவிட்டது. பேரத்துக்கு உதவுகிற எதுவும் காதில் விழுந்தால் ஏஜென்ட் அதை வீட்டை விற்கும் தன் கட்சிக்காரரிடம் சொல்லியாக வேண்டும். லைசென்ஸ் வகுப்பில் படித்தபோது அது சாதாரணமாகத்தான் இருந்தது.

"தம்பி, போதும். இதுக்கு மேல என் முன்னாடி பேசாதீங்க."

ரஞ்சித்குமாரின் முகத்தில் ரத்தமே இல்லை. தீக்ஷா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி... நீங்க தமிழா?"

"மேலப்பாளையம்."

"ஐயோ, சாரி ஆன்ட்டி. நான் சும்மா..." ஓரடி கிட்டே வந்தான். "நல்லவேளை, நம்மாளாப் போயிட்டீங்க. ஓனர்கிட்ட சொல்லிட மாட்டீங்கல்ல?"

"நான் பாகிஸ்தானா இருந்தாலும் நம்மாளா இருந்தாலும் அவரோட ஏஜென்ட்தாம்ப்பா. சொல்லித்தான் ஆகணும். உங்களுக்குன்னு ஒரு ஏஜென்ட் இருந்து அவங்ககிட்ட சொல்லியிருந்தா வெளிய போயிருக்காது. என்கிட்ட சொன்னா அவர்கிட்டயே சொன்ன மாதிரி."

"ஒட்டுக் கேட்டதுகூடவா?"

"நான் எங்கப்பா ஒட்டுக் கேட்டேன்? இங்கனதான நிக்கேன்."

தீக்ஷாதான் நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. கோபம்கூட இல்லை.

"மொதல்லயே புரிஞ்சுதுல்லங்க உங்களுக்கு? அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா இவரு நிறுத்தியிருப்பாருங்களே. ஏனுங்க சொல்லல?"

மேடைமேல் இருந்த போன் அதிர்ந்தது. ஸ்டீவ். யாராவது வந்தார்களா என்று கேட்பார். மஹ்பூபா போனை எடுத்தாள். தீக்ஷா இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தவிர்த்து, ஸ்டீவிடம் சொல்வதற்காக மஹ்பூபா சமையலறையை விட்டு வெளியே போனாள்.