ஆறாவது கை

1928 ஆகஸ்டு 14, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. போர்டு பிரசிடெண்டுத் தேர்தலுக்குக் குறித்திருந்த நேரம் அது. மெம்பர்கள் மொத்தம் பதினொரு பேர்; கை தூக்கித்தான் ஓட்டு. பண்ணையார் வீரபாகு பிள்ளைக்கு, அவரையும் சேர்த்து, ஐந்து கை. வக்கீல் காந்திமதிநாதனுக்கும் அதேபோல ஐந்து கை. மிச்சம் இருந்த ஒரு கை குத்துக்கல்வலசை சொரிமுத்துவுடையது.

தென்காசியைச் சுற்றிக் கிடந்த சில ஊர்களுக்குச் சேர்த்து வைத்திருந்த சின்ன போர்டு. ரோட்டுக்குச் சரள் போடுவது, கிணறு வெட்டுவது, சந்தையைக் குத்தகைக்கு விடுவது, இவ்வளவுதான் அதன் வேலை. ஆனாலும் அந்த ஆடி மாதம் தென்காசிக் கடைத்தெருவில் வேறு பேச்சு ஓடவில்லை. காப்பிக்கடையில் டம்ளரை வாங்குகிறவன் "பிள்ளையா, வக்கீலா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினான். கொடுக்கிறவன் பதில் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தான். கடைசியில் எல்லார் பேச்சும் ஒரே இடத்தில் வந்து முட்டியது. சொரிமுத்து எந்தப் பக்கம்?

அதற்கு முன்னால் சொரிமுத்துவைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. வயது முப்பத்தெட்டு. சண்டைக்காலத்தில் பஸ்ராவில் பட்டாளத்துக்காகக் கோவேறு கழுதை மேய்த்துவிட்டு ஊர் திரும்பியவர். சொந்தமாகக் கொஞ்சம் நஞ்சை உண்டு. மெம்பர் ஆனதும் தன் முயற்சியால் அல்ல. வார்டில் நின்ற இரண்டு பெரிய வீட்டுக்காரர்கள், நீ ஜெயிக்கக்கூடாது என்று ஒருவரை ஒருவர் மறித்துக்கொண்டு, பேசி, இருவருமே விலகினார்கள். பொதுவாக ஓர் ஆளைக் கைகாட்ட வேண்டியிருந்தது. சொரிமுத்து வாய் திறக்கமாட்டார் என்பது இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது.

குத்துக்கல்வலசைக்கு ஒரு குடிதண்ணீர்க் கிணறு வெட்டித் தருவதாகப் பிள்ளை சொன்னார். சரி என்றார் சொரிமுத்து. அவர் மனைவி தங்கத்தாய் பேறுகாலத்துக்கு ராயகிரியில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. ஆவணி பிறந்துதான் வலி காணும் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். தேர்தலோ ஆடிக் கடைசியில். ஓட்டைப் போட்டுவிட்டு நேரே ராயகிரிக்கு பஸ் ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியமும் செய்தார்.

சத்தியம் செய்த மெம்பர்களை அப்படியே விட்டுவைக்கிற வழக்கம் கிடையாது. ஐந்தருவி போகிற ரோட்டில் பிள்ளைக்கு ஒரு பங்களா இருந்தது. சொரிமுத்துவையும் இன்னும் நான்கு மெம்பர்களையும் அதில் கொண்டுவந்து வைத்தார்கள். வக்கீல் தன் ஆட்களைப் பாபநாசத்துப் பக்கம் எங்கோ கொண்டுபோய்விட்டார். குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தது. காலையில் எண்ணெய் தேய்ப்பு, மெயின் அருவியில் குளியல், மத்தியானம் கறிச்சோறு, சாயங்காலம் சீட்டு. குளிக்கப் போகும்போது முன்னால் இரண்டு தடியர்கள், பின்னால் இரண்டு தடியர்கள். எல்லாவற்றுக்கும் மேல் பிள்ளையின் காரியஸ்தன் குற்றாலிங்கம்.

"மெம்பருங்க வாராவ, வழி விடுங்கலே" என்று அருவிக்கரையில் யாராவது ஒருவன் கத்துவான்.

"கோயிலுக்கு நேந்துவிட்ட கெடா மாதிரில்லா கூட்டிட்டு வாராங்க" என்பான் இன்னொருவன்.

சொரிமுத்து அருவிக்குள் போய் நிற்பார். தலையிலும் தோளிலும் தண்ணீர் விழுந்து முதுகு மரத்துப் போகும். உள்ளே நிற்கிறவரைக்கும் யாரும் எதுவும் கேட்க முடியாது. வெளியே வந்து துண்டைப் பிழியும் முன்பே கேள்வி வந்துவிடும்.

"ஆறுக்கு அஞ்சு. பிள்ளைவாள் நாக்காலியில உக்காந்தாச்சு" என்பான் குற்றாலிங்கம்.

"அவசரப்படாதீரும்வே" என்பார் முகம்மது மீரான். அவரும் பிள்ளை பக்கத்து மெம்பர். தென்காசியில் பாக்கு மண்டி வைத்திருந்தவர். எந்தப் பேச்சிலும் எதிர்க்கட்சி பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "இந்தச் சொரிமுத்துக்கு ஒரு காய்ச்சல் வந்து படுத்தா என்னாவும்? அஞ்சுக்கு அஞ்சு. சீட்டுக் குலுக்கிப் போடுவான். வக்கீலு பேரு வந்தா ஒம்ம பிள்ளைவாள் எங்கன உக்காருவாரு? என் மண்டியில பாக்குச் சாக்கு மேலதான்."

"காய்ச்ச வராம நாங்க பாத்துக்கிடுதோம் அண்ணாச்சி."

வக்கீல் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. அடைத்து வைத்த மெம்பரை வெளியே இழுக்க எல்லாத் தேர்தலிலும் ஒரே வழிதான். கேதம், அதாவது சாவுச் சேதி, சொல்வது. அச்சன்புதூர் மெம்பருக்குச் சித்தப்பா செத்துப்போனதாக ஒருவன் வந்து அழுதான். அவர் பதறிப்போய் வண்டியில் ஏறிவிட்டார். குற்றாலிங்கத்தின் ஆட்கள் துரத்திப் போய் இலஞ்சியில் வண்டியை மறித்தார்கள். சித்தப்பா அந்த நேரம் வீட்டில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து மீரானுக்கு, மகள் பிரசவத்தில் கிடக்கிறாள் என்று செய்தி வந்தது. "எனக்கு மக கெடையாதே, மூணும் பயலுக" என்றார் மீரான். "எவனுக்குப் பிரசவமாம், கேட்டுட்டு வாடே."

அன்றைக்கெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சொரிமுத்துவும் சிரித்தார்.

தேர்தலுக்கு முந்தின நாள், திங்கட்கிழமை காலை. சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. குளித்துவிட்டு வந்த மெம்பர்கள் பங்களா வராந்தாவில் மங்குஸ்தான் பழத்தை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். கேட்டைத் திறந்துகொண்டு இசக்கிப்பாண்டி வந்தான். சொரிமுத்துவின் மச்சினன், தங்கத்தாயின் தம்பி. வக்கீல் வீட்டு வில்வண்டியை ஓட்டுகிறவனும் அவன்தான். போன வாரம் இதே கேட்டில் நின்று, பக்கம் மாறச் சொல்லி அத்தானிடம் கத்திவிட்டு, தடியர்களிடம் அடி வாங்கிப் போனவன்.

"வந்துட்டாம்லே வக்கீலு வண்டிக்காரன்" என்றான் குற்றாலிங்கம். "இன்னைக்கு யாருடே மண்டையப் போட்டா?"

இசக்கிப்பாண்டி அவனைப் பார்க்கவில்லை. "அத்தான், அக்கா போயிட்டா" என்றான்.

வராந்தாவில் குபீரென்று சிரிப்பு எழுந்தது. சொரிமுத்து பழத்தோலைக் கையில் வைத்திருந்தார். தேர்தல் தகராறு வந்த நாளிலிருந்து இசக்கிப்பாண்டி அவரை 'மெம்பரே' என்றுதான் கூப்பிட்டு வந்தான். இன்றைக்கு அத்தான் என்கிறான். அது அவர் காதில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே நின்றது.

"சனிக்கெழம ஆளு வந்து சொன்னான், வலி கண்டுட்டுன்னு. நான் ஓடுனேன். நேத்து உச்சிக்குப் பொறவு பிள்ள பெறந்துச்சு. ரத்தம் நிக்கல."

"பிள்ளை?" என்றார் சொரிமுத்து.

"இருக்கு. பொட்டப்பிள்ள."

"பாத்தியளா, பிள்ளையும் பெத்தாச்சு!" என்றான் குற்றாலிங்கம். "பேரும் வச்சிட்டு வந்திருக்கலாம்லாடே. ஏலே, அவனுக்கு ஒரு காப்பி குடுங்க, பாவம், மழையில நனைஞ்சுட்டு வந்திருக்கான்."

சமையல்காரர் காப்பி கொண்டுவந்தார். இசக்கிப்பாண்டி டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான்.

குற்றாலிங்கம் துள்ளி எழுந்தான். "அம்புட்டுதான்! எல்லாரும் பாத்தியள்லா? கேதம் சொல்ல வந்தவன் வந்த எடத்துல பச்சத்தண்ணி குடிப்பானா? வாயில வச்சிருவானா? இவன் சீனி போட்ட காப்பிய உறிஞ்சுதான்!"

இசக்கிப்பாண்டி டம்ளரைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கே உறைத்தது போலிருந்தது. "சனிக்கெழமையில இருந்து ஒண்ணும் குடிக்கல. கைக்கு வந்துது, குடிச்சிட்டேன்" என்றான். அந்தச் சிரிப்புச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. சொரிமுத்துவுக்குக் கேட்டது.

"பொழுது சாயுத வரைக்கும் வச்சிருப்போம். நீரு வந்துதான் எடுக்கணும்னு அம்மை சொல்லுதா. இப்பம் பஸ் இருக்கு. வாரீரா?"

எல்லாரும் சொரிமுத்துவைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். "இரு" என்பது மட்டும்தான் வந்தது. இசக்கிப்பாண்டி கொஞ்சநேரம் இருந்தான். தடியன் ஒருவன் தோளில் கை வைத்ததும் திரும்பி நடந்தான். கேட்டை மூடாமலே போனான்.

"வே குற்றாலிங்கம்" என்றார் மீரான். அவர் சிரிக்கவில்லை. "அவன் 'வாரேன்'னு சொல்லாமப் போறாம்வே. கேதம் சொன்னவன்தான் அப்பிடிப் போவான்."

"கழுத்தப் புடிச்சுத் தள்ளுனா வாரேன்னா சொல்லுவான் அண்ணாச்சி?"

"காப்பி குடிச்சது பசியா இருக்கும்."

"பசிச்சவன் கேதம் சொல்ல வருவானா?"

"கேதம் சொல்ல வந்தவனுக்குப் பசிக்காதா?"

அரைமணி நேரம் இது நடந்தது. இத்தனை நாளும் பிள்ளையா வக்கீலா என்று எப்படிப் பேசினார்களோ அப்படியே, அதே குரலில், தங்கத்தாய் இருக்கிறாளா இல்லையா என்று பேசினார்கள். அச்சன்புதூர் மெம்பர் தன் சித்தப்பாவையும் பலாச்சுளையையும் திரும்பச் சொன்னார். அது மெய்யாக இருந்தால் இன்னொரு ஆளும் கூட வந்திருப்பான் என்றார் ஒருவர். மழையில் எவன் வருவான் என்றார் மற்றொருவர். சொரிமுத்துவிடம் யாரும் கேட்கவில்லை. தன்னிடம் கேட்டுவிடக்கூடாது என்றே அவரும் உட்கார்ந்திருந்தார். பேச்சு நடக்கிறவரைக்கும் அது முடிவாகாத காரியம். அவர் எழுந்து செருப்பைப் போட்டுவிட்டால் முடிவாகிவிடும்.

கடைசியில் குற்றாலிங்கம் ராயகிரிக்கு ஓர் ஆளை அனுப்பிப் பார்த்துவரச் சொல்வதாக வாக்குக் கொடுத்தான். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. மத்தியானம் இலை போட்டார்கள். சொரிமுத்து சாப்பிட்டார். சாயங்காலம் சீட்டு ஆடினார்கள். மூன்று ஆட்டமும் அவருக்கே விழுந்தது. வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தபோது அவர் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சீட்டைக் கலைத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை வரைக்கும் போன ஆள் திரும்பவில்லை. அவன் போனானா என்று சொரிமுத்து கேட்கவில்லை.

பிள்ளையின் மோட்டார்க் காரில் ஐந்து பேரும் தென்காசிக்கு வந்தார்கள். போர்டு கட்டிடத்துக்கு வெளியே ரோடு அடைத்துக் கூட்டம். குடைகள், கூச்சல். "சொரிமுத்து வந்தாச்சு! பிள்ளைவாள் ஜெயிச்சாச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

உள்ளே வக்கீல் காந்திமதிநாதன் நாற்காலியில் சாய்ந்து யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். சொரிமுத்து நுழைந்ததைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"நீரு இங்கன என்னவே செய்யுதீரு?" என்றார். "ராயகிரிக்குப் போவலையா? உம்ம மச்சினன் நேத்து எங்கிட்ட வந்து அழுதுட்டுல்லா போனான். சீட்டுக் குலுக்கத்தான் போறாவன்னு நான் உக்காந்திருக்கேன்."

"அந்தா, மறுபடியும் ஆரம்பிச்சாச்சு" என்று குற்றாலிங்கம் வாசலிலிருந்து குரல் கொடுத்தான்.

வக்கீல் அவன் பக்கம் திரும்பவில்லை. சொரிமுத்துவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்தார். பக்கத்தில் நின்ற மீரான் கண்ணை மூடிக்கொண்டார்.

மணி அடித்தது. தேர்தல் நடத்த வந்த அதிகாரி இரண்டு பெயர்களையும் வாசித்தார். வக்கீலுக்கு ஐந்து கைகள் எழுந்தன. அடுத்துப் பிள்ளைக்கு. ஐந்து எழுந்தன. அதிகாரி காத்திருந்தார். நேற்றுப் பொழுது சாய்கிறவரை வைத்திருந்திருப்பார்கள், அதற்குமேல் வைத்திருக்க மாட்டார்கள் என்று சொரிமுத்து நினைத்தார். நினைத்ததற்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி இருந்தது. கையைத் தூக்கினார். அது சுலபமாகத்தான் போயிற்று.

வேட்டுப் போட்டார்கள். மாலை போட்டார்கள். பிள்ளை அவரைக் கட்டிப்பிடித்துக் கிணற்றைப் பற்றி ஏதோ சொன்னார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சொரிமுத்து பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார். மீரான் பின்னாலேயே வந்தார். பஸ்ஸில் ஏறப்போகும்போது பிடித்து நிறுத்தி, அவர் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றினார். அது கிடந்ததே சொரிமுத்துவுக்குத் தெரியாது.

"போயிட்டு..." என்று தொடங்கிய மீரான் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பஸ்ஸில் பக்கத்து ஆள் கேட்டான்: "அண்ணாச்சி, யாரு ஜெயிச்சது?"

"பிள்ளை."

"எத்தனைக்கு எத்தனை?"

"ஆறுக்கு அஞ்சு."

"அந்தச் சொரிமுத்துப் பய கடைசியில பிள்ளை பக்கமே சாஞ்சுட்டான், பாத்தீரா."

"ஆமா."

ராயகிரியில் இறங்கியபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் சாரல் கிடையாது. வீட்டு வாசல் கழுவிக் காய்ந்திருந்தது. இசக்கிப்பாண்டி மொட்டைத் தலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கொள்ளி வைத்தது அவன்தான். மாமியார் உள்ளேயிருந்து வந்து மருமகனைப் பார்த்தாள். திரும்பி உள்ளே போனாள்.

சொரிமுத்து மச்சினனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வக்கீலா, பிள்ளையா?" என்று கேட்டான் இசக்கிப்பாண்டி.

"பிள்ளை."

"நீரு கை தூக்குனீரா?"

"தூக்குனேன்."

அவன் தலையை ஆட்டினான். உள்ளே குழந்தை அழுதது. அவன் மனைவிக்குக் கைக்குழந்தை இருந்தது. அவள்தான் இதற்கும் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சநேரத்தில் அவள் குழந்தையைக் கொண்டுவந்து சொரிமுத்துவின் மடியில் வைத்தாள். அவர் அதன் முகத்தைப் பார்த்தார். தங்கத்தாயின் சாயல் இருக்கிறதா என்று தேடினார். அருவிக்குள் நின்றுவிட்டு வந்தவர் மாதிரி கை மரத்திருந்தது. கீழே விட்டுவிடுவோமோ என்று பயந்து திருப்பிக் கொடுத்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவர் ஒற்றையாகக் குத்துக்கல்வலசைக்குத் திரும்பினார். குழந்தை ராயகிரியிலேயே இருந்தது. புதிய பிரசிடெண்டின் தலைமையில் போர்டு மூன்று முறை கூடியது. மூன்றுக்கும் சொரிமுத்து போகவில்லை. சட்டப்படி அவர் மெம்பர் பதவி காலியானது. குத்துக்கல்வலசை வார்டுக்கு மாசி மாதம் இடைத்தேர்தல் நடந்தது.