ஷிஜாவின் இடது கை

எங்கள் ஷிஜாவுக்குப் பொறாமை உண்டு. இல்லை என்று அவள் அப்பன் செல்வின் சொல்வான். மகனே ஆனாலும் அவன் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பேத்தியைப் பிறந்த நாள் முதல் தூக்கி வளர்த்தவள் நான். சித்தப்பன் மகளுக்குக் கிறிஸ்துமஸுக்கு எடுத்த பாவாடையில் ஜரிகை கொஞ்சம் அகலம் என்று, ஆராதனைக்கு வரமாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டவள் அவள். இழுத்தாலும் வரவில்லை. கடைசியில் அந்தச் சித்தப்பன் மகளே குனிந்து கூப்பிட்டாள். அதற்கும் ஒரு கடி கடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

பொறாமை எலும்புருக்கி என்று போதகர் பிரசங்கம் பண்ணுவார். வேதத்தில் இருக்கிறதாம். இருக்கட்டும். நான் பார்த்ததை நான் சொல்கிறேன்.

எங்களுக்கு மார்த்தாண்டத்துக்குக் கிழக்கே ஊர். செல்வின் திருவனந்தபுரத்துக்கு டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு வந்து, பாலராமபுரத்தில் வாடகைக்கு வீடு பிடித்து, பிறகு எங்களையும் கொண்டுவந்தான். ஷிஜா படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். இப்போது கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். வாரத்தில் ஆறு நாள் அவள் விரல் அந்தக் கடை எந்திரத்தில். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனையில், கீபோர்டில்.

கீபோர்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. எங்கள் சபையில் பாட்டுக்குத் தலைவர் திரவியம். அவருக்குக் குரல் இரண்டரைக் கட்டையில்தான் நிற்கும். அந்தக் கட்டையில் வாசிக்க வேண்டுமானால் கறுப்புக் கட்டைகளில் ஏறி இறங்க வேண்டும், விரல் தடுமாறும். அதற்குக் கீபோர்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் விரல் சுகமாக வெள்ளைக் கட்டையில் நடக்கும், சத்தம் மட்டும் மேலே ஏறித் திரவியத்தின் குரலுக்குப் போய்ச் சேரும். ஆலயங்களில் வாசிக்கிற பிள்ளைகள் முக்கால்வாசிப் பேருக்கும் இதுதான் வழி. ஷிஜாவும் பன்னிரண்டு வயதிலிருந்து அப்படியே. வீட்டில் கீபோர்டைப் போட்டாலும் முதலில் அவள் கை தானாகப் போய் அந்தப் பொத்தானை மூன்று தடவை அமுக்கும். சோறு உண்ண உட்கார்ந்ததும் கை தண்ணீர்ச் செம்பைத் தேடுகிற மாதிரி.

நிஜப் பியானோவில் பொத்தான் கிடையாது. வழுதக்காட்டில் ஜெயந்த் என்ற மாஸ்டர் வீட்டு மாடியில் பியானோ வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். மூன்று வருடமாக ஷிஜா அங்கே சனிக்கிழமை சாயங்காலம் கடையில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போய்ப் படித்துவருகிறாள். அவளுக்கு முந்தின வகுப்பு அஸ்வதிக்கு.

அஸ்வதி நாஞ்சில் நாட்டுப் பிள்ளை. கரமனையில் வீடு, அப்பா அழகியநம்பி ஆடிட்டர். வயது பதினேழு. வீட்டிலேயே பியானோ. அப்பா காரில் கொண்டுவந்து விடுவார். இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு சனிக்கிழமையும் ஷிஜா வீட்டுக்கு வந்து பையை வைக்கும் முன்னே இதைத்தான் சொல்லுவாள். அவள் செருப்பு இன்னது, அவள் நகம் வெட்டியிருக்கிற சீர் இன்னது. அந்தப் பிள்ளை இவளை "ஷிஜா சேச்சி" என்று அக்கா முறை வைத்து மரியாதையாகக் கூப்பிடுமாம். அதுவும் இவளுக்குப் பிடிக்காது.

போன வருடம் மாஸ்டர் இவர்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். ஆண்டு விழாவில் கடைசியாக ஒரு உருப்படி, மாணவர் சொந்தமாக உண்டாக்கியதாக இருக்க வேண்டும். சினிமாப் பாட்டு கூடாது, கீர்த்தனை கூடாது. மேல்நாட்டு முறையில், முதலில் ஒரு சின்ன மெட்டு. அதை விரித்து, வேறே இடத்துக்குக் கொண்டுபோய், திரும்ப வீட்டுக்கு, தொடங்கின இடத்துக்கே, கொண்டுவர வேண்டும். இருவரும் செய்யுங்கள், நல்லது எதுவோ அது கடைசி உருப்படி என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அடுப்புக்குக்கூட நிம்மதி இல்லை. கடைசி உருப்படி என்றால் விழாவுக்கே மகுடம் அல்லவா? அது தனக்குத்தான் வேண்டும். தன் பாட்டு, தன் பெயர். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னே உட்கார்ந்து தட்டுவாள். தட்டினால் வருவதெல்லாம் ஆலயப் பாட்டு. அவள் அம்மா, என் மருமகள், அடுக்களையிலிருந்து கேட்பாள்:

"ஏட்டி, இது அடக்க ஆராதனைக்குப் பாடுயதுல்லா?"

அவ்வளவுதான், மூடி வைத்துவிடுவாள்.

சனிக்கிழமைகளில் பஸ் கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவிடும். ஷிஜா மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே அஸ்வதி தன் பாட்டை மாஸ்டருக்கு வாசித்துக் காட்டுவாள், கதவு சும்மா சாத்தியிருக்கும். வாரத்துக்கு வாரம் அந்தப் பாட்டு வளர்வதை இவள் படியிலிருந்து கேட்டாள். எங்கேயாவது தப்ப மாட்டாளா என்று காத்திருப்பாளாம். அவள் தாளத்துக்கு எதிராக இவள் காலால் படியைத் தட்டுவாளாம், அந்த ஓசை உள்ளே போய் அவள் விரல் வழுக்கட்டும் என்று. அவள் வழுக்கவில்லை. இதை ஷிஜாவே சிரிக்காமல் சொன்னாள். நானும் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் இவளுக்கும் பாட்டு வந்தது. மடை திறந்த மாதிரி வந்தது. வெள்ளைக் கட்டையிலேயே, பொத்தான் மூன்றில் இருக்க, ஆலயத்தில் வைக்கிற ஆர்கன் சத்தத்தில், மெல்ல. மருமகள்கூடக் கொள்ளாம், நன்றாயிருக்கிறது என்றாள். ஷிஜா அன்று இரண்டு கரண்டி சோறு அதிகம் போட்டுக்கொண்டாள்.

மாஸ்டர் கேட்டார், எங்கே, வாசித்துக் காட்டு என்று. முடித்துவிட்டுக் காட்டுகிறேன் சார் என்று தள்ளிவிட்டாள். வகுப்பில் பழைய பாடங்களையே வாசித்தாள். ஏன் காட்டவில்லை என்று நான் கேட்டேன்.

"நான் எதுக்கு அங்க வச்சு வாசிக்கணும்? அவ வெளிய நின்னு கேட்டுட்டுப் போயி, அவளுக்க பாட்டுல சேத்துக்கிடுவா."

ஆக, அந்தப் பாட்டு ஒரு தடவைகூடப் பியானோவில் ஏறவில்லை.

இரண்டு பாட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நாளில் வீட்டிலிருந்து ஆள் வரலாம் என்றார் மாஸ்டர். செல்வினுக்கு விழிஞ்ஞத்தில் வேலை. நான் போனேன். மாடி ஏறும்போது அவள் உட்காரும் படி இதுதான் என்று காட்டினாள். அழகியநம்பி எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். நல்ல மனிதர்.

முதலில் அஸ்வதி வாசித்தாள். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, காது கேட்கும். நன்றாகவே இருந்தது. ஷிஜாவின் முகத்தைப் பார்த்தேன். வாய் இறுகி, தாடை எலும்பு தெரிந்தது.

அடுத்து இவள் உட்கார்ந்தாள். இடது கை தொடங்கியது: தம், நிறுத்தி, தம்-தம். அது கொஞ்சம் ஓடியது. பிறகு வலது கை ஏறியது. ஏறினதும் அழகியநம்பி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். இப்போதுதானே கேட்டோம் இதை? அஸ்வதி தகப்பனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

ஷிஜாவும் கேட்டாள். பொத்தான் இல்லாத பியானோவில், ஆர்கன் சத்தமும் இல்லாமல், விரல் இறங்கின இடத்திலேயே ஓசை பிறந்தது. அஸ்வதியின் பாட்டு எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில். வீட்டில் அது மூன்று படி மேலே போய், வேறே குரலில் நின்றதால், அவள் காதுக்கு அது புதுப் பிள்ளையாக இருந்திருக்கிறது. பாதியில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சேச்சி, இது எம் பாட்டு மாதிரில்லா இருக்கு?" என்றாள் அஸ்வதி. கோபமில்லை. ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டது.

"வீட்டுல வாசிக்கும்போ இப்படி இல்ல சார்," என்றாள் ஷிஜா, மாஸ்டரைப் பார்த்து.

மாஸ்டருக்கு ஆலயத்துப் பிள்ளைகளின் வழக்கம் தெரியும். பொத்தானா என்று கேட்டார். தலையை ஆட்டினாள். அவர் மலையாளத்தில் சொன்னார், நான் தமிழில் சொல்கிறேன்: பொத்தானை அமுக்கினால் அடுத்த வீட்டுப் பசு நம்முடைய பசு ஆகிவிடுமா?

கடைசி உருப்படி அஸ்வதிக்கு என்று ஆயிற்று. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? பஸ்ஸில் ஷிஜா ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். நேமம் தாண்டினதும் கேட்டாள்.

"அவளுக்கு வீட்டுல பியானோ இருக்கு, காரு இருக்கு. எனக்க தலையில வந்த பாட்டும் அவளுக்குள்ளதுதானா?"

"தலையில வரல்ல மக்களே, படியில வந்தது," என்றேன்.

அதற்கு என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று நானும் இருந்தேன். எனக்கும் பிடிவாதம் உண்டு.

மூன்றாம் நாள் கீபோர்டின் சத்தம் கேட்டது. ஆனால் ஒற்றைக் கை. வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இடது கையால் மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள். தம், நிறுத்தி, தம்-தம். அந்தக் கைக்கு என்ன ஆயிற்று என்று மருமகள் கேட்டாள்.

"அது களவு கொண்டுட்டு வந்த கை. கொஞ்சம் சும்மா இருக்கட்டும்."

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பொத்தான் பக்கத்தில் இருக்கும் விளக்கு எரியவில்லை. அமுக்கவில்லை.

அந்தத் தட்டல் எனக்குத் தெரிந்த தட்டல். அவள் சாப்பிட உட்காரும்போதும், எரிச்சல் வந்தால், கால் தரையில் அதைத்தான் தட்டும். சித்தப்பன் மகள் பெயரை எடுத்தால் தட்டும். படியில் உட்கார்ந்து அஸ்வதியை விழவைக்கத் தட்டினதும் இதுதான். பாட்டு அந்தப் பிள்ளையுடையது. அதோடு சண்டை போட்ட கால் இவளுடையது. கால் கைக்கு ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு ஒவ்வொரு நாளாக வலது கையைக் கொண்டுவந்தாள், வேண்டாவெறுப்பாக. ஒரு ஓசை, பொறுத்து இன்னொன்று. பழைய பாட்டின் சாயல் கொஞ்சம் தட்டினாலும் கையை உதறுவாள். ஆலயப் பாட்டின் சாயல் தட்டினால் மருமகள் அடுக்களையிலிருந்து இருமுவாள். அதற்கும் உதறுவாள். முன்னே வந்தது போல இனிப்பாக இல்லை. யாரோ வாசலில் நின்று உள்ளே வராமல் முறைப்பது போல இருந்தது. எனக்குப் பிடித்தது. செல்வினுக்குப் பிடிக்கவில்லை, முந்தினதே நல்லது என்றான். அவனுக்கு என்ன தெரியும்.

அடுத்த சனிக்கிழமை நேரே பியானோவில் வாசித்துக் காட்டினாள். கதவு திறந்திருந்ததாம், சாத்தச் சொல்லவில்லையாம். மாஸ்டர் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். இந்த இடது கை எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

"வெளிய, படியில இருந்து சார்."

அவருக்கு விளங்கியதோ இல்லையோ, விழாவில் ஒரு இடம் கொடுத்தார். கடைசி இடம் அல்ல. சின்னப் பிள்ளைகள் வாசித்து முடித்ததும், நடுவில். அதற்கும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். போகமாட்டேன் என்றாள். கட்டிலுக்கு அடியில் படுக்கிற வயது தாண்டிவிட்டதே என்று நான் சொன்னேன். போனாள்.

விழாவுக்கு மருமகளும் சபையிலிருந்து ஒரு கூட்டமும் வந்தார்கள். திரவியம் வெள்ளைச் சட்டை போட்டு முன்வரிசையில் இருந்தார். ஷிஜா வாசித்தாள். இடது கை தனியாக நடந்தது, வலது கை வந்து முறைத்தது, இரண்டும் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டன, பிறகு இடது கை மட்டும் திரும்பி வந்தது. நின்றது. எங்கே கைதட்டுவது என்று ஆட்களுக்குத் தெரியவில்லை. திரவியம் என் பக்கம் சாய்ந்து, பாட்டு எப்போது தொடங்கும் என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். அதற்குப் பிறகுதான் தட்டினார், பலமாகவே தட்டினார்.

கடைசியில் அஸ்வதி வாசித்தாள். எழுந்து நின்று தட்டினார்கள். ஷிஜா தட்டவில்லை. உட்கார்ந்தே இருந்தாள். அவள் காலைப் பார்த்தேன். அது ஓய்ந்திருந்தது.

வெளியே ஆட்டோவுக்குக் காத்து நின்றபோது அஸ்வதி ஓடிவந்தாள். தகப்பன் காரில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"சேச்சி, அந்த இடது கைய எனக்கு ஒரு தடவ காட்டித் தரணும். நான் வீட்டுல வச்சு நோக்கினேன், எனக்கு நிக்கல்ல. வலது கையோட கூட ஓடிருது."

அப்படியென்றால் கதவு திறந்திருந்த அந்தச் சனிக்கிழமை வெளியே அவள் நின்றிருக்கிறாள். வீட்டுக்குப் போய் முயன்றும் பார்த்திருக்கிறாள். நான் ஷிஜாவைப் பார்த்தேன். கொடுத்துவிடு என்று கண்ணால் சொன்னேன் என்று மருமகள் பிறகு சொன்னாள். பொய். நான் அப்படிச் சொல்லவே இல்லை.

ஷிஜா பையைத் தோளில் சரிசெய்தாள்.

"காட்டித் தரமாட்டேன். அது எனக்குள்ளது. உனக்கு வேணும்னா அந்தப் படியில உக்காந்து கேளு."

அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே ஓடிவிட்டது. இவள் சிரிக்கவில்லை. ஆட்டோவில் ஏறின பிறகு என் கையைப் பிடித்து, தன் முழங்காலில் வைத்துக்கொண்டாள். பாலராமபுரம் வரும்வரை விடவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் அஸ்வதி தன் வகுப்பு முடிந்ததும் உடனே கீழே போவதில்லையாம். படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறாளாம். தகப்பன் காரில் ஹாரன் அடிப்பாராம். ஷிஜா அன்றைக்கெல்லாம் வீட்டுக்கு வந்ததும் இரண்டு கரண்டி சோறு அதிகம் போட்டுக்கொள்கிறாள்.