மிஞ்சிய நாற்று

கொரியாவின் கங்வொன் மலைச்சரிவில் முப்பது வருஷமாகக் கோஸ் போடும் மல்சுன்னுக்கு ஒரு பெருமை உண்டு. நாற்றுத் தட்டுக்குக் கடை மண் வாங்கியதே இல்லை. தன் வயல் மண்ணையே சலித்து நிரப்புவாள். வாங்குகிறவர்களைக் கண்டால், "மலை மேல உக்காந்துக்கிட்டு மண்ணுக்கு அலையிறீங்களே!" என்று சிரிப்பாள்.

இந்த ஜூலையில் அவள் கோஸ்கள் உச்சிவெயிலில் துவண்டன, விடிந்தால் நிமிர்ந்தன. வெயில்தான் என்று நான்கு நாள் தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். ஐந்தாம் நாள் ஒன்றைப் பிடுங்கினாள். வேர் இஞ்சி மாதிரி முண்டும் முடிச்சுமாக வீங்கியிருந்தது. வேர்முடிச்சு நோய்! மண்ணில் புகுந்தால் பத்து வருஷமானாலும் லேசில் போகாது.

அவள் பயந்தது தன் வயலுக்காக மட்டும் இல்லை. போன மாதம் மிஞ்சிய மூன்று தட்டு நாற்றை, கீழ் வயல் தொக்பேவுக்குக் கொடுத்திருந்தாள். மிஞ்சிய நாற்றை எறிவது அந்த ஊரில் பாவம்.

மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழை இறங்கினால் நோய் பிடித்த மண் சரிவு முழுக்க ஓடும். ஓடினாள். தொக்பே வயல் ஓரத்திலேயே, தன் வயல் மண் ஒட்டிய பூட்ஸைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"என்ன தங்கச்சி, என் வயல் என்ன வீட்டுக்கூடமா? பூட்ஸோடயே வா."

"சிரிக்காதீங்கண்ணே. நான் குடுத்த நாத்துல நோய் இருக்கு. என் மண்ணுல இருந்து வந்தது. மழைக்கு முன்னாடி மண்ணோட அள்ளி மூட்டை கட்டணும்."

அவர் மேல் வரிசையில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். வேரில் அதே முடிச்சு.

"கடை மண்ணை என்னா நக்கல் பண்ணினே நீ!"

"என்னைத் திட்ட நாள் கெடக்கு. மூணு தட்டும் இங்கதானே?"

"ஒண்ணுதான் நட்டேன். மிச்சத்தை எறிய முடியுமா? யொங்சிக் வீட்டுக்கு ஒண்ணு, மில்காரம்மாவுக்கு ஒண்ணு. அவங்களுக்கு மிஞ்சினது யாருக்குப் போச்சோ!"

வீடு வீடாகப் போக நேரமில்லை. ஊர்த்தலைவர் வீட்டு மாடியில் ஒலிபெருக்கி இருந்தது. அதில் பேசினால் நாலு மலைக்கும் கேட்கும். மானம் போகும்தான். வெறுங்காலோடு ஏறி, மைக்கைப் பிடித்தாள்.

"நான் மல்சுன் பேசறேன். என் நாத்து யார் வயலுக்கு வந்திருந்தாலும் இப்பவே மண்ணோட அள்ளிடுங்க. வேர்ல நோய் இருக்கு. தப்பு என்னுது."

சொல்லிவிட்டு ஜன்னல் வழியே சரிவைப் பார்த்தாள். இரண்டு வயலில் ஆட்கள் ஓடிக் குனிவார்கள் என்று நினைத்திருந்தாள். மூன்றில் குனிந்தார்கள், ஐந்தில் குனிந்தார்கள். ஒன்பதாவது வயலில் ஒருவர் மண்வெட்டியை எடுக்கும்போது மழை வந்துவிட்டது.